குனிவதற்கு முன் ஒரு கணம்



இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்யப்படுவதை நம் பகுதியினர் அறிவர். கையோ காலோ முறிந்தால் கட்டுப்போட அத்துணி உதவும். ஆனால், முதுகெலும்பு நசுங்கினால் அப்படிச் சுற்றிக் கட்டிச் சரிசெய்துவிட இயலாது. ஆகவே அதனை முன்னதாகவே காத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழும் என் மாமி அறுபதைக் கடந்தவர். ஒருநாள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கக் குனிந்தபோது நடுமுதுகில் 'சுளீர்' என்றது. வாயுப் பிடிப்பு என்றெண்ணித் தைலம் தேய்த்தோம். உடலை நன்றாக வளைத்தால் சரியாகும் என்று யாரோ கூற, நாள்தோறும் குனிந்து கால்விரலைத் தொடும் பயிற்சியைத் தொடங்கினார். வலி முன்னிலும் பெருகியது. எக்ஸ்ரே எடுத்தபோதுதான் முதுகில் இரண்டு எலும்புகள் நசுங்கியிருப்பது தெரிந்தது. எலும்புப்புரை நோய் என்றார் மருத்துவர்.

மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைகிறது. எலும்பு கரையும் வேகம், அது புதிதாக வளரும் வேகத்தை மிஞ்சிவிடுகிறது. முன்புறம் குனியும்போது முள்ளெலும்பின் முன்பகுதியில் பாரம் அழுந்துகிறது. மெலிந்த எலும்பு ஆப்புப்போல் நசுங்குகிறது. உயரம் குறைவதையும் கூன் விழுவதையும் முதுமையின் இயல்பு என்று நாம் விட்டுவிடுகிறோம். பல நேரங்களில் அவை இந்நோயின் அடையாளங்களாகும்.

அப்படியானால் உடற்பயிற்சியே கூடாதா? கூடும்; ஆனால் எது என்பதே கேள்வி. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் இந்நோயுற்ற 59 பெண்களை ஆராய்ந்து 1984இல் முடிவை வெளியிட்டனர். முதுகை நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 விழுக்காட்டினருக்கே புதிதாக எலும்பு நசுங்கியது. முன்புறம் வளையும் பயிற்சி செய்தவர்களில் அது 89 விழுக்காடு! பயிற்சியே செய்யாதவர்களில் 67 விழுக்காடு. ஆராயப்பட்டோர் சிலரேயாயினும், குனியும் பயிற்சி சும்மா இருப்பதைவிடவும் தீங்காகலாம் என்ற எச்சரிக்கை இதில் உள்ளது.

எனவே மருத்துவரிடம் கேட்டபின் எளியவற்றைத் தொடங்குங்கள். நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, முழங்கைகளைப் பின்னுக்கு இழுத்து, தோள்பட்டைகளை நெருக்குங்கள். மொட்டை மாடியில் வெயில்பட நடங்கள். எலும்புக்கு வேண்டிய வைட்டமின் 'டி' வெயிலால் தோலில் உண்டாகிறது. நீண்ட கைப்பிடியுள்ள துடைப்பத்தால் பெருக்குங்கள். பொருளை எடுக்க முழங்காலை மடக்குங்கள், முதுகை அன்று. படுக்கையிலிருந்து எழும்போது ஒருக்களித்துக் கையூன்றி எழுங்கள்.

இனி, மாமியை மிகவும் வருத்திய ஒன்றைக் கூறுகிறேன். சிறிது காலம் குனிய வேண்டாம் என்று மருத்துவர் கூறியதும், "என் ஸுஜூது போய்விட்டதே!" என்று அழுதார். வலியைப் பொறுத்துக்கொண்டு நெற்றியைத் தரையில் வைக்கவும் முயன்றார். நோயுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் படுத்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை அவருக்கு எடுத்துரைத்தேன். ருகூவுக்குத் தலையைச் சிறிது தாழ்த்தி, ஸுஜூதுக்கு இன்னும் சற்றுத் தாழ்த்திச் சைகையால் தொழலாம். இந்நோயுள்ள எல்லோரும் இவ்வாறே தொழ வேண்டும் என்பதன்று. எலும்பின் நிலையறிந்த மருத்துவர் குனியக் கூடாது என்றால் இச்சலுகையை மனங்கோணாமல் ஏற்கலாம். சலுகை வணக்கத்தின் குறைவன்று, அது ரஹ்மத்.

பால்கோவாவுக்குப் புகழ்பெற்ற ஊரில் வாழ்ந்தும், பாலை ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஊற்றிவிட்டுக் கறுப்புத் தேநீர் அருந்துவது மாமியின் வழக்கம். நம்மில் பலருக்கும் அதுவே வழக்கம். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. ஒரு தம்ளர் பாலில் கிடைப்பது ஏறக்குறைய 240. கேழ்வரகு, எள், கீரை, தயிர் ஆகியவையும் சேரட்டும்.

இப்போது மாமி நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார். குடத்தைப் பேரன் தூக்குகிறான். உங்கள் வீட்டில் குடத்தைத் தூக்குபவர் யார்? இன்றே பாருங்கள்.