வீட்டில் லாரி இல்லை. ராத்திரி 2 மணி வரை லாரி ஓட்டம்!

"எம் பையன் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் லாரி ஓட்டுறான், தம்பி. எங்க வீட்ல லாரியே கிடையாது!"

ராமேசுவரத்தில் சங்குக் கடை வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் இப்படிப் புலம்பினார். பையன் பிளஸ்-2 முடித்தவன். வேலைக்கும் போகவில்லை, மேலே படிக்கவும் இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து லாரி, புல்டோசர், கிரேன், ரோடு ரோலர் என்று ஓட்டிக்கொண்டே இருக்கிறானாம். "இந்தக் கண்றாவியைப் பேப்பர்ல எழுதுங்க தம்பி" என்றார்.

எழுதிவிடலாம் என்றுதான் அவர் வீட்டுக்குப் போனேன். போய்ப் பார்த்தபிறகு வேறு மாதிரி எழுத வேண்டியதாகிவிட்டது.

புயலில் அழிந்த ஊர்

ஆட்டத்தின் பெயர் 'ரோடுகிராஃப்ட்'. 2025 மே மாதம் வெளிவந்தது. கொலை, கொள்ளை என்று எழுதிப் பிழைக்கிற எனக்கே ஆச்சரியம்! இதில் துப்பாக்கி இல்லை, வெட்டுக்குத்து இல்லை. இயற்கைச் சீற்றத்தில் நாசமான ஊர்கள். ரோடு போச்சு, பாலம் போச்சு. நாம்தான் மீட்பு வேலைக்கு வந்த கம்பெனி.

டிப்பரில் மணல் கொண்டுவந்து கொட்ட வேண்டும். புல்டோசர் விட்டு நிரவ வேண்டும். அதன்மேல் தார் போட வேண்டும். ரோலர் விட்டு அமுக்க வேண்டும். நாலு வேலையும் முடிந்தால்தான் நல்ல ரோடு. அப்புறம் சரக்கு லாரிகளுக்கு நாமே வழி குறித்துக் கொடுக்க வேண்டும். தப்பாகக் குறித்தால் லாரிகள் வரிசையாக நடுவழியில் சிக்கி நிற்கும்.

"கொடு தம்பி, பார்ப்போம்" என்று நானும் உட்கார்ந்தேன். பத்தே நிமிஷம். லாரி அச்சு வரை சேற்றில் இறங்கிவிட்டது. நான் பட்டனை அமுக்க அமுக்க, சக்கரம் சுற்றிச் சுற்றி இன்னும் ஆழமாகப் புதைந்தது.

கட்டிலில் படுத்திருந்த பையனின் தாத்தா எழுந்து வந்துவிட்டார். "ரேஸ் பண்ணாதப்பா! காலை எடு. வந்த தடத்துலயே மெள்ளப் பின்னால வா. மணலா இருந்தா டயர்ல காத்தைக் கொஞ்சம் இறக்கணும்" என்றார்.

"விஞ்சு போட்டு இழுத்தா வந்துரும் தாத்தா" என்றான் பேரன்.

"எங்க காலத்துல விஞ்சு ஏது? பத்து ஆளு தோள் கொடுப்பாங்க!"

தாத்தா யார் தெரியுமா? தனுஷ்கோடி மணலில் வேன் ஓட்டியவர்!

ரோடு இல்லாத 50 ஆண்டு

1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு அடித்த புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. பாம்பனில் இருந்து போன பாசஞ்சர் ரெயிலில் இருந்த நூறு பேருக்கு மேல் கடலுக்குப் பலியானார்கள். அதன்பிறகு 50 ஆண்டுக்கும் மேலாக அங்கே ஒழுங்கான ரோடு இல்லை. ஜீப்பும் வேனும் மணலிலும் கடல் தண்ணீரிலும் தடம் பார்த்து ஓடின. 2017-ல்தான் முகுந்தராயர் சத்திரத்தில் இருந்து அரிச்சல்முனை வரை சுமார் ஒன்பதரை கிலோ மீட்டர் தார் ரோடு திறக்கப்பட்டது.

"ரோடு வந்துச்சு, எங்க பொழப்பு போச்சு. அதுக்காக நான் ரோட்டைத் திட்டமாட்டேன். வலி கண்ட பொம்பளையை இந்தக் கையால வேன்ல ஏத்திக்கிட்டுப் போயிருக்கேன். நடுவுல சக்கரம் புதைஞ்சா என்ன பாடு தெரியுமா?" என்றார் தாத்தா. பையன் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். இதையெல்லாம் அவனிடம் அவர் இதுவரை சொன்னதே இல்லையாம்!

அதே புயல் பாம்பன் ரெயில் பாலத்தையும் உடைத்தது. சரிசெய்ய ரெயில்வே கொடுத்த கெடு ஆறு மாதம். என்ஜினீயர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் வேலை முடிந்தது. கடலில் விழுந்த இரும்புக் கர்டர்களைத் தேடி எடுத்து மறுபடி மாட்டினார்கள். பையன் ஆடுகிற ஆட்டத்தை நம் ஊரில் அப்போதே நிஜமாக ஆடிவிட்டார்கள். ஆனால் அந்த வேலையில் வெயில் உண்டு, பசி உண்டு, உயிர்ப்பயம் உண்டு. பையனின் ஆட்டத்தில் அது மூன்றும் இல்லை.

பெற்றோருக்கு

கம்ப்யூட்டரைப் பூட்டி வைக்காதீர்கள். ராத்திரி 10 மணிக்கு மேல் மட்டும் கண்டிப்பாக நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு நாள் பகலில், ஜே.சி.பி. வேலை நடக்கிற இடத்துக்குப் பையனைக் கூட்டிப் போங்கள். லாரி லைசென்சு வாங்க 20 வயது ஆகவேண்டும். அதுவரை ஐ.டி.ஐ.யில் சேர்ந்து தொழில் படிக்கலாமே! ரோட்டில் சேறு பூசி நிற்கிற டிரைவரைப் பார்த்து ஆரன் அடிக்கிற நாமும், ஒரு பத்து நிமிஷம் இந்த ஆட்டத்தை ஆடிப் பார்த்தால் நல்லது. நான் இப்போது ஆரன் அடிப்பதில்லை.

அதிகாரிகளே!

ராமேசுவரம் தீவுக்கு வாகனம் போக இருப்பது ஒரே பாலம். 1974-ல் அடிக்கல் நாட்டி, 14 ஆண்டு கட்டி, 1988-ல் திறந்த பாலம். பக்கத்தில் ரெயிலுக்கு 2025 ஏப்ரல் 6-ந் தேதி புதுப் பாலம் வந்துவிட்டது. சந்தோஷம். ஆனால் புயலில் ரோட்டுப் பாலம் அடைபட்டால்? தனுஷ்கோடி ரோட்டை மணல் மூடினால்?

தீவுக்குள்ளே எத்தனை ஜே.சி.பி., எத்தனை டிப்பர், எத்தனை டிராக்டர் ஓடுகிற நிலையில் இருக்கிறது? ராத்திரி 1 மணிக்குக் கதவைத் தட்டினால் வருகிற டிரைவர் யார்? டீசல் எங்கே? சாவி யார் கையில்? இந்தப் பட்டியல் ஆபீஸ் பீரோவில் தூங்கக்கூடாது. ஒவ்வொரு ஊர் டீக்கடைச் சுவரிலும் ஒட்டியிருக்க வேண்டும். தாத்தாவைப்போலத் தடம் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள்.

பையனின் லாரி சிக்கினால் ஒரு பட்டன் அமுக்கி மறுபடி ஆரம்பிக்கலாம். தனுஷ்கோடிக்கு அந்தப் பட்டன் கிடைக்கவில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் பட்டியலை ஒட்டுங்கள்!