பழைய கணக்கை இரும்புக் கடைக்குப் போடாதீர்கள்

புதிய கம்ப்யூட்டர் வந்ததும் பழையதை எடைக்குப் போட்டு விடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் ராஜபாளையத்தில் நூல் வியாபாரமோ ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடையோ நடத்துபவரானால், 1990களில் யாரோ பாக்ஸ்புரோவில் எழுதித் தந்த கணக்கு புரோகிராம் அதில் இருக்கலாம். விண்டோஸ் 11ல் கிளிக் செய்தால் அது ஓடாது. 64 பிட் விண்டோஸ், 16 பிட் புரோகிராம்களை இயக்குவதில்லை.

2002ல் வெளிவந்த டாஸ்பாக்ஸ் என்ற எமுலேட்டர் இதற்கு உதவும், இலவசம்தான். பழைய போல்டரை அப்படியே காப்பி செய்து, மவுண்ட் கட்டளை மூலம் சி டிரைவாகக் காட்டினால் போதும். பெரும்பாலும் பழைய மெனு அப்படியே வந்து நிற்கும். ஆனால் இது கேம்ஸுக்காக உருவானது. பிரிண்ட் எடுக்க டாஸ்பாக்ஸ்-எக்ஸ் வேண்டும். புதிய பில் போட இதை நம்பாதீர்கள். பழையதைப் பார்க்க மட்டும் வைத்துக் கொள்ளுங்கள்.

டிபிஎப் பைலை எக்செல்லிலேயே திறக்கலாமே என்பார்கள். திறக்கலாம், எண்கள் தெரியும். எந்த பாக்கி எந்த வரவில் கழிந்தது என்ற கணக்கு முறை புரோகிராமுக்குள் அல்லவா இருக்கிறது?

பேக்கப் பிளாப்பியில் இருந்தால் யுஎஸ்பி பிளாப்பி டிரைவ் வாங்கி இந்த மாதமே காப்பி எடுங்கள். அது மூன்றரை அங்குல பிளாப்பிக்கு மட்டுமே. பூஞ்சை பிடித்த பிளாப்பியை எந்த எமுலேட்டராலும் படிக்க முடியாது.