நொதி அளவும் மார்பகப் புற்றுநோய் அச்சமும்

"ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் கூடுதல் என்று போட்டிருக்கிறது, டாக்டர். மார்பகப் புற்றுநோயாக இருக்குமோ?" முழு உடல் பரிசோதனை செய்துகொண்ட தாய்மார்கள் எம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வேறு சிலர், "இரத்தத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது, எனவே மார்பகத்தைக் காட்ட வேண்டியதில்லை" என்று முடிவு செய்துவிடுகின்றனர். இவ்விரண்டில் இரண்டாவதே எனக்குப் பெருங்கவலை தருகிறது.

நொதிகள் என்பவை உடலின் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதங்கள். திசுக்கள் சிதைந்தாலும் மிகுதியாக உழைத்தாலும் அவை இரத்தத்தில் கூடுகின்றன. ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் கல்லீரலிலும் எலும்பிலும் உண்டு. பித்தநாள அடைப்பு, வைட்டமின் டி குறைபாடு, ஆறிவரும் எலும்பு முறிவு, கருவுற்ற நிலை ஆகிய எல்லாவற்றிலும் அது உயரும். எல்.டி.எச். ஏறத்தாழ எல்லாத் திசுக்களிலும் உண்டு. இரத்தம் எடுக்கும்போது குழாயில் சிவப்பணுக்கள் உடைந்தாலே அதன் அளவு ஏறிவிடும். ஏதோ ஒன்று நிகழ்கிறது என்பதையே எண் சொல்கிறது. எங்கே, ஏன் என்பதை அது சொல்வதில்லை.

ஆய்வுகள் வேறுவிதமாகச் சொல்லவில்லையா எனச் சிலர் கேட்கலாம். ஸ்வீடனில் 5 இலட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்த ஓர் ஆய்வில், காமா ஜி.டி. என்னும் கல்லீரல் நொதி உயர்ந்திருந்தோரிடையே பொதுவாகப் புற்றுநோய் சற்று மிகுதியாகக் காணப்பட்டது உண்மையே. ஆனால் உடற்பருமனும் மதுவும் அந்த நொதியையும் உயர்த்துகின்றன. மார்பகப் புற்றுநோய் வாய்ப்பையும் கூட்டுகின்றன. மாதவிடாய் நின்றபின், கொழுப்புத் திசுவிலுள்ள அரோமட்டேஸ் என்ற நொதியே ஈஸ்ட்ரோஜனை உருவாக்குகிறது. ஆகவே பெருந்திரளான மக்களிடம் காணும் தொடர்பைக் கொண்டு தனியொரு பெண்ணுக்கு நோய் உண்டு, இல்லை என்று தீர்ப்புக் கூற இயலாது.

ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். 1,000 பெண்களில் 5 பேருக்கு நோய் இருப்பதாகக் கொள்வோம். ஓர் இரத்தப் பரிசோதனை அவர்களில் 4 பேரைக் கண்டுபிடிக்கிறது. நோயற்ற நூற்றுவரில் 10 பேரைத் தவறாகச் சுட்டுகிறது என்றும் கொள்வோம். அச்சுறுத்தப்படுவோர் ஏறத்தாழ 104 பேர். அவர்களுள் உண்மையில் நோயுற்றோர் 4 பேரே. எஞ்சிய நூற்றுவருக்கும் கிடைப்பவை உறக்கமற்ற இரவுகளும் வீண்செலவுமே. விடுபட்ட அந்த ஒருவரோ பொய்யான நிம்மதியுடன் வீடு திரும்புகிறார். உண்மையில், தொடக்கநிலை மார்பகப் புற்றுநோயில் இந்த நொதிகள் பெரும்பாலும் இயல்பான அளவிலேயே இருக்கும்.

ஆதலால், அறிகுறி ஏதுமற்ற பெண்களுக்கான பரிசோதனைத் தொகுப்புகளில் சி.ஏ. 15-3 போன்ற புற்றுநோய்க் குறிகாட்டிகளைச் சேர்ப்பது தேவையற்றது என்பதே என் கருத்து. முன்னரே நோய் கண்டறியப்பட்டவர்களுக்குச் சிகிச்சையின் போக்கை அறிய இவை உதவக்கூடும். அங்கும் ஓர் எண்ணை மட்டும் பார்த்து அஞ்சாமல், மருத்துவருடன் சேர்ந்து அதன் பொருளை அறிந்துகொள்க.

அப்படியானால் நாம் நம்பத்தக்கது எது? மும்பையில் 1998-இல் தொடங்கி, 35 முதல் 64 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பெண்களை 20 ஆண்டுகள் தொடர்ந்த டாட்டா நினைவு மருத்துவமனையின் ஆய்வு ஒரு விடை தருகிறது. பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் மார்பகத்தைப் பரிசோதித்தனர். 50 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களிடையே இந்நோயால் நேரும் இறப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. நம் அரசுத் திட்டத்திலும் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இப்பரிசோதனை இடம்பெற்றுள்ளது.

மார்பகத்தில் அல்லது அக்குளில் கட்டி, தோலில் குழிவு, காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தக் கசிவு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், இரத்த அறிக்கை எவ்வளவு நன்றாக இருப்பினும் உடனே வாருங்கள். தேவையெனில் மேமோகிராம், அல்ட்ராசவுண்டு, திசுப் பரிசோதனை ஆகியவற்றை நாங்கள் பரிந்துரைப்போம். தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ இந்நோய் இருந்திருப்பின் அதையும் மறவாமல் கூறுங்கள்.

கூச்சத்தால் தாய்மார்கள் தயங்குவது இயல்பு. கட்டியில் வலி இல்லை என்பதால் தள்ளிப்போடுவதும் இயல்பு. அத்தயக்கத்தைப் போக்கி அவர்களை அழைத்து வரும் பொறுப்பு, அன்புடைய குடும்பத்தாராகிய உங்களுடையது.