ஆலைச் சுவரோடு நின்றுபோன ஆய்வு



நியாயவிலைக் கடையில் நாம் வாங்கி வரும் ஒரு லிட்டர் பாமாயில் பாக்கெட் நம் இல்லங்களுக்குப் புதியதல்ல. 2007ஆம் ஆண்டிலிருந்து தமிழக அரசு மானிய விலையில் இதை வழங்கி வருகிறது. ஏழைக் குடும்பங்களுக்கு இது பேருதவி என்பதில் ஐயமில்லை. உலகிலேயே மிக அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. அதன் பெரும்பகுதி இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் விளைவது. குலை வெட்டிய தோட்டம் எது, அந்த நிலம் முன்பு யாருடையது என்ற கேள்வி நம் அடுப்படி வரை வருவதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே நியமிக்கப்பட்டவர்கள்கூட அதைக் கேட்காமல் விட்ட ஒரு நிகழ்வை இங்கே சற்று விரிவாகப் பார்ப்போம். அது நடந்தது நம் நாட்டில் அல்ல, உக்ரைனிலும் இந்தோனேசியாவிலும்.

உலக வங்கிக் குழுமத்தில் சர்வதேச நிதிக் கழகம் என்றொரு நிறுவனம் உண்டு. 1956இல் தொடங்கப்பட்டது. தனியார் நிறுவனங்களுக்குக் கடன் கொடுப்பதும் அவற்றில் முதலீடு செய்வதும் இதன் பணி. வறுமையைக் குறைப்பதே நோக்கம் என்று சொல்லப்படுகிறது. இந்தியாவும் இதில் ஓர் உறுப்பு நாடு. ஆகவே இதன் முதலில் நமக்கும் ஒரு சிறு பங்குண்டு எனலாம்.

சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட வில்மர் குழுமத்திற்கு இக்கழகம் 2003 முதல் 2008 வரை நான்கு முறை நிதி ஆதரவு அளித்தது. இரண்டு முறை பாமாயில் வணிகத்திற்கான கடன் உத்தரவாதம். மற்ற இரண்டும் உக்ரைனில் ஒடெசாவுக்கு அருகே யூஷ்னி துறைமுகத்தில் அமைந்த சமையல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்கானவை. 2006இல் ஆலை கட்ட 1 கோடியே 75 லட்சம் டாலர். 2008இல் அதை விரிவாக்க மீண்டும் நிதி. சூரியகாந்தி எண்ணெய்க்குப் பேர்போன நாட்டில், கப்பலில் வரும் பாமாயிலைச் சுத்திகரிக்கும் ஆலை!

கடன் கொடுக்குமுன் சுற்றுச்சூழல், சமூகப் பாதிப்பு ஆய்வு நடத்தவேண்டும் என்பது கழகத்தின் விதி. கடும் பாதிப்பு வரக்கூடியவை 'ஏ' பிரிவு, ஓரளவு பாதிப்பும் அதைச் சரிசெய்ய வழியும் உள்ளவை 'பி', பாதிப்பே இல்லாதவை அல்லது மிகக் குறைந்தவை 'சி'. சுத்திகரிப்பு ஆலையில் என்ன பார்ப்பார்கள்? கச்சா பாமாயில் செம்மஞ்சள் நிறமாக இருக்கும். அதிலுள்ள பசைப்பொருளை நீக்கி, ஒருவகைக் களிமண் சேர்த்து நிறம் போக்கி, இருநூறு டிகிரிக்கு மேல் சூடாக்கி நீராவி செலுத்தி வாடை அகற்றுவார்கள். ஆகவே கழிவுநீர் எங்கே போகிறது, கொதிகலன் புகை எவ்வளவு, எண்ணெய் ஊறிய களிமண்ணை எங்கே கொட்டுகிறார்கள் என்று கேட்பார்கள். அந்தக் களிமண் குவியலாகக் கிடந்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. இவை வீண் கேள்விகள் அல்ல. ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

ஆனால் எல்லாக் கேள்விகளும் ஆலையின் சுற்றுச்சுவருக்குள்ளேயே நின்றுவிட்டன. வாசலுக்கு வந்த எண்ணெய் எங்கே விளைந்தது என்பது முறையாக விசாரிக்கப்படவில்லை. வணிகத்திற்கான உத்தரவாதங்கள் இரண்டும் 'சி' பிரிவில் வைக்கப்பட்டன. அதாவது, பாதிப்பு ஏதுமில்லை என்று பொருள்.

2007 ஜூலையில் இந்தோனேசிய மக்கள் அமைப்புகளும் பன்னாட்டுத் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து கழகத்தின் குறைதீர்ப்பு அலுவலகத்தில் முறையிட்டன. மேற்குக் கலிமந்தானின் சம்பாஸ் மாவட்டத்தில் வில்மரின் துணை நிறுவனங்கள் ஊர் மக்களின் சம்மதமின்றி நிலத்தை எடுத்தன, காட்டை அழித்தன என்பன குற்றச்சாட்டுகளில் முக்கியமானவை. அந்தப் புகார் கைக்கு வந்த பிறகுதான், 2008இல், உக்ரைன் ஆலை விரிவாக்கத்திற்கு நிதி ஒதுக்கப்பட்டது என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

குறைதீர்ப்பு அலுவலகத்தின் தணிக்கை அறிக்கை 2009இல் வெளியானது. கழகத்தின் சொந்த அலுவலகமே எழுதியது என்றாலும் அதில் பூசி மெழுகல் இல்லை. இந்தோனேசியப் பாமாயில் துறையின் சிக்கல்கள் கழகத்திற்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தெரிந்தவையே. அப்படியிருந்தும் எந்தப் பிரிவில் வைப்பது, எதுவரை ஆராய்வது என்பவற்றை வணிக அழுத்தம் தீர்மானிக்க விடப்பட்டது என்று அது கண்டறிந்தது. நம் பார்வையில் இதுவே மையச் செய்தி. இங்கே யாரும் பொய்க் கணக்கு எழுதத் தேவைப்படவில்லை. ஆய்வின் எல்லையைச் சிறிதாக வரைந்துகொண்டால் போதுமானதாக இருந்தது.

மறுதரப்பு நியாயத்தையும் சொல்லவேண்டும். ஆலைக்குத்தானே கடன், தோட்டத்திற்கு அல்லவே? பல தோட்டங்களின் எண்ணெய் ஒரே தொட்டியில் கலந்த பிறகு யாருடையது என்று எப்படிப் பிரிப்பது? எளிதல்ல, உண்மைதான். ஆனால் இங்கே ஆலையும் தோட்டமும் ஒரே குழுமத்தின் கையில் இருந்தன. மேலும், 2013இல் காடழிப்பும் சுரண்டலும் இல்லாத கொள்கையை அறிவித்த அதே வில்மர், 2015இல் தனக்கு எண்ணெய் வழங்கும் ஆலைகளின் பெயர்களை வெளியிடத் தொடங்கியது. ஆக, மனமிருந்தால் வழியும் இருந்திருக்கிறது.

அறிக்கைக்குப் பின் உலக வங்கித் தலைவர் ராபர்ட் ஜோலிக் பாமாயில் துறைக்கான புதிய நிதியை நிறுத்தி வைத்தார். 2011இல் புதிய நெறிமுறையுடன் தடை நீங்கியது. 2012இல் நடைமுறைக்கு வந்த திருத்திய விதிகள், மூலப்பொருள் தருவோர் இயற்கை வாழிடங்களை அழிக்கிறார்களா என்று பார்க்கச் சொல்கின்றன. பழங்குடி மக்களின் முன்னறிந்த, சுதந்திரமான சம்மதமும் குறிப்பிட்ட சூழல்களில் கட்டாயமாயிற்று.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலின் 183ஆம் பத்தி இந்த இடத்தையே தொடுகிறது. தொழில் திட்டம் முடிவான பிறகு ஒப்புக்கு நடத்துவதாக ஆய்வு இருக்கலாகாது, பணத்தின் நெருக்குதலுக்கு அப்பால் தொடக்கத்திலிருந்தே நடக்கவேண்டும் என்பது அதன் கருத்து. இது வாஷிங்டனுக்கு மட்டும் சொன்னதா? நம் பங்குகளும் துறவற சபைகளும் வங்கிகளில் வைப்புநிதி வைத்திருக்கின்றன. அப்பணம் யாருக்குக் கடனாகப் போகிறது என்று பங்குப் பேரவைக் கூட்டத்தில் யாரேனும் கேட்டு நாம் பார்த்ததில்லை. வட்டி விகிதம் மட்டும் தவறாமல் கேட்கப்படுகிறது.

சம்பாஸ் மக்களின் கதைக்கு வருவோம். குறைதீர்ப்பு அலுவலகம் நடுவர்களை அனுப்பி, ஊராரையும் நிறுவனத்தையும் ஒரே மேசையில் அமர வைத்தது. பேச்சின் முடிவில் இழப்பீடு கிடைத்தது. அதுவரை வெட்டப்படாமல் நின்ற காட்டு நிலத்தை மக்களிடமே விட நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஏற்கெனவே வெட்டிய இடங்களில் பாமாயில் கன்றுகள் ஊன்றியாகிவிட்டன. ஒருமுறை ஊன்றினால் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகளுக்கு அவை குலை தள்ளும்.