சீறியது இயற்கையா?

மலை சரிந்து மக்கள் மாண்டனர் என்னும் செய்தி வரும்போதெல்லாம் நம் ஏடுகள் ஒரு தொடரைத் தவறாமல் அச்சிடுகின்றன: ‘இயற்கைச் சீற்றம்’. மாணவரும் அதையே கட்டுரையில் எழுதுகின்றனர். வகுப்பாசிரியராக இருந்த காலத்தில் நானும் அத்தொடருக்குச் சரியென்று குறியிட்டிருக்கிறேன். நான் செய்தது பிழை. வான்சிறப்புக்குத் தம் நூலின் இரண்டாம் அதிகாரத்தையே ஒதுக்கினார் வள்ளுவர்; நாமோ அந்த மழையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி, உண்மைக் குற்றவாளிகளை வெளியே அனுப்பிவிடுகிறோம்.

2014 அக்டோபர் 29ஆம் நாள், இலங்கையின் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுள் புதைந்தன. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் 70 பேர் மாண்டனர். இரண்டிடத்தும் புதையுண்டோர் பெரும்பாலும் தேயிலைத் தோட்டத் தமிழர். நம் முன்னோரைப் போலவே கங்காணியின் பின்னால் ஊரைவிட்டுப் போனவர்களின் வழித்தோன்றல்கள். 2024 ஜூலை 30ஆம் நாள் விடியுமுன், வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் அழிந்தன. அங்கு மாண்டோர் 250க்கும் மேற்பட்டோர்.

இவற்றுள் எது எதிர்பாராதது? மீரியபெத்தைக்கு 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. சூரல்மலைக்கு அண்மையிலுள்ள புத்துமலையில் 2019 ஆகஸ்டிலேயே 17 உயிர்கள் போயின. மேற்குத் தொடர்ச்சி மலையைக் காக்க மாதவ் காட்கில் குழு 2011இல் அளித்த அறிக்கையோ எதிர்ப்புக் கூச்சலில் ஒதுக்கப்பட்டது.

“மழை மிகுந்தால் யார் என்ன செய்ய முடியும்?” என்பர் சிலர். அம்மழையிலும் மனிதன் கை உண்டு. வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால், காற்று ஏறத்தாழ நூற்றுக்கு 7 பங்கு கூடுதலாக நீராவியைத் தாங்கும். தாங்கியதை ஓரிரவில் கொட்டும். வயநாட்டில் அன்று பெய்த மழையின் கடுமையைப் புவி வெப்பமாதல் நூற்றுக்கு 10 பங்கு அளவில் கூட்டியது என்று அறிவியலார் கணித்துள்ளனர். அதே வெப்பம் மறுபருவத்தில் வறட்சியாய் வந்து கொழுந்தைக் கருக்குகிறது. கொழுந்து இல்லையேல் கூலி இல்லை; கூலி இல்லையேல் கடன். உலகைச் சூடேற்றிய புகை ஆலைகளிலிருந்தும் ஊர்திகளிலிருந்தும் எழுந்தது. லயத்து அடுப்பிலிருந்து எழுந்ததன்று.

“அபாயம் தெரிந்தும் அவர்கள் ஏன் அங்கேயே இருந்தனர்?” இக்கேள்வி இன்னும் கொடியது. லயம் தொழிலாளியின் உடைமையன்று. வேலையோடு ஒட்டிய கூரை. வேலையை விட்டால் கூரையும் போகும். தோட்டத் துண்டாடல் காலத்தில் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்து நின்ற துயரை நம் பெற்றோர் அறிவர். போக்கிடம் இல்லாதவனிடம் ‘வெளியேறு’ என்று தாளை நீட்டுவது எச்சரிக்கை ஆகாது; பின்னாளில் தன்னைக் காத்துக்கொள்ள அதிகாரம் எழுதிவைக்கும் சான்று அது. பெட்டிமுடியிலோ மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போய், மக்கள் புதைந்த செய்தி வெளியே எட்டவே மறுநாள் விடிய வேண்டியிருந்தது.

ஆகவே வேண்டுவது இரங்கற்பா அன்று. சரிவுக்கு அப்பால் மனை வேண்டும். அம்மனைக்குத் தொழிலாளியின் பெயரில் உறுதிப்பத்திரம் வேண்டும். அவன் மொழியில், உரிய நேரத்தில் எச்சரிக்கை வேண்டும். எச்சரித்த அன்றே குடிபெயர இடமும், வேலைக்கு உறுதியும் வேண்டும். இச்செலவைத் தேயிலையால் செழித்தோரும் புகையால் செழித்த நாடுகளும் ஏற்க வேண்டும். இது பிச்சை அன்று, கடன்.

எழுதுகோல் பிடித்த நண்பர்களே! நாம் எழுதும் தொடரையே நம் பிள்ளைகள் நாளை எழுதுவர். இனி என் பள்ளியில் ஒரு மாணவன் ‘இயற்கைச் சீற்றம்’ என்று எழுதினால், அதை அடிக்கோடிட்டு ஓரத்தில் இப்படி எழுதுவேன்: “அந்த வீட்டை அங்கே கட்டியவர் யார்? எச்சரிக்கையைக் கேட்டும் வாளாவிருந்தவர் யார்? விடை எழுதி வருக.”