டார்க் பெரிசா, எச்.பி. பெரிசா? கடன் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படிப்பது பி.காம். ஸ்பேனரைச் சரியாகப் பிடிக்கக்கூடத் தெரியாது. ஆனாலும் இதை எழுதியே ஆகவேண்டிய கட்டாயம். காரணம் என் மாமா.

எங்களுக்கு மேச்சேரி. மாமாவுக்குக் கொளத்தூர் பக்கம் மலையடிவாரத்தில் காடு. ரோட்டிலிருந்து காட்டுக்குப் போகும் வழி ஒரே மேடு, செம்மண், சரளைக்கல். அவரிடம் இருப்பது பழைய மாருதி ஜிப்சி, 1.3 லிட்டர் பெட்ரோல். எரு மூட்டை ஏற்றினால் கடைசி மேட்டில் மூச்சு வாங்குகிறது. பார்த்தார் ஒரு வண்டித் தரகர். "இதுல டார்க் இல்லீங்க. எச்.பி. எல்லாம் ஹைவேக்குத்தான். மலைக்கு டார்க்தான் வேணும். இதைத் தள்ளிவிட்டுட்டு டீசல் ஜீப் எடுங்க" என்று ஓதிவிட்டார்.

"டார்க் இல்லாத வண்டிய வெச்சுக்கிட்டு என்ன பண்றது மாப்ள?" என்று மாமா என்னிடம் கேட்டபோது, 4 லட்சம் கடனுக்கான பேப்பர் அவர் கையில் இருந்தது. 12 சதவீதம், 4 வருஷம். கணக்குப் போட்டேன். மாதம் 10,500 ரூபாய்க்கு மேல். வட்டி மட்டுமே 1 லட்சத்து 5 ஆயிரம். ஒரு வாய்ச்சொல்லுக்கு இவ்வளவு வட்டியா?

சரி, விஷயத்துக்கு வருவோம்.

டார்க் என்றால் முறுக்கு விசை. (தீபாவளி முறுக்கு அல்ல!) அச்சை எவ்வளவு அழுத்தமாகத் திருப்புகிறது என்பது. எச்.பி. என்றால் அந்த வேலையை எவ்வளவு வேகமாகச் செய்கிறது என்பது. 75 கிலோவை ஒரு நொடியில் 1 மீட்டர் தூக்கினால் 1 மெட்ரிக் எச்.பி. நம் தாத்தாக்கள் கவலை ஓட்டியதை நினைத்துக்கொள்ளுங்கள். மாடு எவ்வளவு பெரிய சாலை இழுக்கிறது என்பது டார்க் மாதிரி. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தண்ணீர் வாய்க்காலுக்கு வந்தது என்பது எச்.பி. மாதிரி.

இரண்டும் தனித்தனிச் சரக்கு இல்லை. டார்க்கை (நியூட்டன் மீட்டரில்) ஆர்.பி.எம்.மால் பெருக்கி 7,120-ஆல் வகுத்தால் எச்.பி. வந்துவிடும். அவ்வளவுதான். "எனக்கு டார்க் போதும், எச்.பி. வேண்டாம்" என்பது "ஒரு பொருளுக்கு எவ்வளவு லாபம்னு மட்டும் சொல்லு, எத்தனை வித்துதுன்னு கேட்க மாட்டேன்" என்று கடை நடத்துவது போல.

அடுத்தது கியர். தரகர் வாயே திறக்காத இடம் இது. கியர் பாக்ஸ் என்பது சில்லறை மாற்றித் தரும் கடை. பத்து 10 ரூபாய் கொடுத்தால் ஒரு 100 ரூபாய் நோட்டு தருவார்கள். 100 நியூட்டன் மீட்டர் எஞ்சினை 30 மடங்கு கியரில் போட்டால் சக்கரத்தில் 3,000. 300 நியூட்டன் மீட்டர் எஞ்சினை 10 மடங்கு கியரில் போட்டாலும் அதே 3,000. ஆக, டார்க்கைக் கியர் பெருக்கும். ஆனால் எச்.பி.யை எந்தக் கியராலும் ஒரு துளி கூட்ட முடியாது. மாற்றுகிற கடையில் நோட்டு மாறும், தொகை மாறாது.

2 டன் வண்டி ஒவ்வொரு நொடிக்கும் 1 மீட்டர் உயரம் ஏற வேண்டுமா? உராய்வை விட்டுவிட்டாலும் 27 எச்.பி. வேண்டும். கொல்லிமலையின் 70 வளைவானாலும் ஏற்காட்டின் 20 வளைவானாலும் இதே கணக்குதான். "எச்.பி. ஹைவேக்கு மட்டும்" என்ற வசனம் இங்கேயே செத்துவிட்டது.

"அப்போ டிராக்டர்?" என்பீர்கள். 1,900 சுற்றில் 45 எச்.பி. தரும் டிராக்டர் எஞ்சினில் அப்போது டார்க் சுமார் 169. 9,000 சுற்றில் அதே 45 எச்.பி. தரும் பைக் எஞ்சினில் சுமார் 36. கியரைக் குறைத்தால் காகிதத்தில் இரண்டும் சமம். ஆனால் பைக் எஞ்சின் நாள் முழுக்க 9,000 சுற்றில் கதறிக்கொண்டே உழ வேண்டும். எத்தனை நாள் தாங்கும்? டிராக்டரின் பெருமை அதன் நிதானத்திலும், ஆயுளிலும், மண்ணைக் கவ்வும் எடையிலும் இருக்கிறது.

தரகர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஊர்ந்து ஏறும்போது குறைந்த சுற்றிலேயே டார்க் கிடைத்தால் வண்டி அணையாது, கிளட்ச் தேயாது. நிஜம். ஆனால் அதற்குக் கேட்க வேண்டியது "எவ்வளவு டார்க்?" அல்ல, "எந்தச் சுற்றில்?". ஜிப்சியில் 103 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,500 சுற்றில்தான். மிதித்து ஓட்ட வேண்டிய வண்டி. டீசல்தான் டார்க் என்பதும் பழைய கதை. 2020-ல் வந்த மஹிந்திரா தார் மேனுவலில் டீசல், பெட்ரோல் இரண்டுக்கும் 300தான். டீசலில் அது 1,600 சுற்றில் தொடங்கியது, டர்போ பெட்ரோலில் 1,250-லேயே!

இனி மாமா வண்டி. மெக்கானிக் அண்ணன் ஒருவரைக் கூட்டிப்போய்ப் பார்த்தோம். கம்பெனி டயர் 26 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். மாமா கெத்துக்காகப் போட்டிருந்தது 31 அங்குலம்! டயர் பெரிதானால் தரையில் தள்ளும் விசை குறையும். 100-க்கு 15 அங்கேயே போச்சு. கிளட்ச் பிளேட் தேய்ந்து வழுக்கிக்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, லோ ரேஞ்ச் லீவரை மாமா தொட்டதே இல்லை. "அது எதுக்குன்னே தெரியாது மாப்ள" என்றார். அதைப் போட்டாலே சக்கரத்துக்கு ஒன்றரை மடங்குக்கு மேல் விசை!

பழைய அளவு டயர், புது கிளட்ச், லோ ரேஞ்ச். அதே மூட்டை, அதே மேடு. ஏறிவிட்டது. கடன் பேப்பர் இப்போது என் அக்கவுண்டன்சி நோட்டுக்கு அட்டையாக இருக்கிறது :-)

அதனால் நண்பர்களே, யாராவது "டார்க் இல்லைங்க" என்று ஆரம்பித்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தச் சுற்றில்? என்ன கியரில்? என்ன டயரில்? பதில் வராவிட்டால், அவர் விற்பது டார்க் அல்ல, உங்கள் தலையில் ஒரு தவணை.