முதலில் பிரேக், பிறகு எஞ்சின்

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் எம்மவர் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களைச் சிறிது பெற்றோலில் இயக்கி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டினர். அந்தக் கைத்திறன் எமது சொத்து. இடம்பெயர்ந்து திரும்பியோர், வளவில் கிடக்கும் பழைய பிக்கப்புக்கு டீசல் எஞ்சின் பூட்டி மரக்கறியைச் சந்தைக்கு ஏற்ற முனைவதை நாம் வரவேற்கிறோம். ஆனால் கடன்பட்டு எஞ்சினையே முதலில் வாங்குவது சரியல்ல. டீசல் எஞ்சின் பெரும்பாலும் பாரம் கூடியது. அதை முன் ஸ்பிரிங்கும் பிரேக்கும் தாங்க வேண்டும். உப்புக்காற்றில் துருவேறிய சேசிஸில் எந்த எஞ்சினும் நிலைக்காது. ஆகவே முதலில் சேசிஸையும் பிரேக்கையும் சீராக்குங்கள். கடைசியாக எஞ்சினைப் பூட்டுங்கள். புதிய எஞ்சின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியுங்கள். அன்று வேறு வழி இருக்கவில்லை. இன்று அவசரப்படத் தேவையில்லை. பிக்கப்பில் ஏறுவது மரக்கறி மட்டுமல்ல, உங்கள் பிள்ளைகளுந்தான்.